தலை உடைந்த கிட்டார்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கொல்கத்தாவில் லால்பஜார் காவல் தலைமையகத்துக்குப் பக்கத்தில் ஒரு நீளமான தெரு தொடங்கி, வடக்கே பாக்பஜார் வரை போகிறது. இன்றைய பெயர் ரவீந்திர சரணி. பழைய பெயர் சித்பூர் சாலை. தாகூர் பிறந்து வளர்ந்த ஜோராசாங்கோ வீடு இந்தத் தெருவை ஒட்டித்தான் இருக்கிறது. தெருவின் லால்பஜார் முனையில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக நிற்கும். சிதார், எஸ்ராஜ், தபலா, ஆர்மோனியம் என்று ஆளுயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அவற்றின் நடுவே கிட்டார்களும் தொங்கும்.

வங்காளத்தில் கிட்டாருக்கு நல்ல செல்வாக்கு. 1940-களில் ஹவாயில் வளர்ந்த டாவ் மோ என்ற கலைஞர் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்றும் கொடுத்தார். அதன்பின் மடியில் கிடத்தி, எஃகு உருளையால் தேய்த்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார் அந்த ஊரில் வீடு வீடாகப் பரவியது. தாகூரின் பாடல்களை அதில் வாசிப்பது தனி மரபாகவே வளர்ந்தது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா நல்ல கிட்டார் கலைஞராக இருந்தவர். இன்று உலக மேடைகளில் வாசிக்கும் தேபாசிஷ் பட்டாச்சார்யாவும் கொல்கத்தாக்காரர்தான்.

கருவி இருக்கும் ஊரில் உடைசலும் இருக்கும். கிட்டார் பழுதுபார்ப்பவர்களிடம் அடிக்கடி வந்து சேரும் உடைசல் ஒன்று உண்டு. உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் மட்டும் கட்டை முறிந்து, கம்பிகளின் பிடியில் தலை தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தாலே வயிற்றைப் பிசையும். “இனி இது அவ்வளவுதானா?” என்பதுதான் கொண்டுவருபவரின் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி: “தலையை ஒட்டிவிடலாமா, கழுத்தையே மாற்ற வேண்டுமா?”

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓயாத இழுபறி

சுவரில் சாத்தி வைத்த கிட்டார் சும்மா இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அதற்குள் இரவும் பகலும் ஓர் இழுபறி நடக்கிறது.

கம்பியை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வேகமாக அது அதிரும். சுரமும் உயரும். கிட்டாரின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிர வேண்டும். மெல்லிய கம்பி சுமார் 330 முறை. அந்தச் சுரங்கள் கிடைக்க எஃகுக் கம்பி ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 10 முதல் 14 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுத்துக் கட்ட வேண்டும். ஆறு கம்பிக்கும் கூட்டினால் சுமார் 70 கிலோ! நைலான் கம்பி பூட்டிய கிட்டாரில் இது பாதியளவுதான்.

இந்த விசை முழுவதும் ஒரு முனையில் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் ‘பிரிட்ஜ்’ என்ற கட்டையைப் பிடித்து இழுக்கிறது, மறுமுனையில் தலையில் கம்பிகளை முறுக்கும் சாவிகளைப் பிடித்து இழுக்கிறது. தலையை முன்பக்கமாக வளைத்துவிட அது எப்போதும் முயன்றுகொண்டே இருக்கிறது. தலை முன்னால் வளையப் பார்க்கும்போது கழுத்தின் பின்பக்கத் தோல் விறைத்து இழுபடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கும்போது தேவைப்படும்.

மரத்துக்கு நார்வாக்கு உண்டு

இரும்பை எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே பலம்தான். மரம் அப்படி இல்லை. மரத்தின் உயிரணுக்கள் மிக மெல்லிய, நீண்ட குழாய்கள். வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும், காற்றில் முறியாமல் நிற்கவும் வேண்டும். அதனால் அவை மரத்தின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குழாயின் சுவர் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின். ஈர்க்குக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய விளக்குமாறு போலத்தான் மரத்துண்டும். கட்டு முழுவதையும் குறுக்கே முறிப்பது பெரும்பாடு. குச்சிக்கும் குச்சிக்கும் இடையில் விரலை விட்டுப் பிரிப்பது எளிது.

விறகு பிளப்பவருக்கு இந்தப் பாடம் அத்துப்படி. கட்டையை நிமிர்த்தி வைத்து, நார் ஓடும் வாக்கில் கோடாலியை இறக்குவார். இரண்டு போடில் கட்டை பிளக்கும். அதே கட்டையைக் குறுக்கே வெட்டச் சொன்னால் வியர்த்துவிடும். பொதுவாக மரத்தை நார்வாக்கில் இழுத்து அறுக்கத் தேவைப்படும் விசை, குறுக்குவாக்கில் இழுத்துப் பிரிக்கத் தேவைப்படும் விசையைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

நீங்களே பார்க்க ஒரு வழி: தச்சுப் பட்டறையில் இழைப்புளி போடும்போது சுருள் சுருளாக விழும் சீவலில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் தெரியும் ரேகை ஓடும் திசையில் பிடித்து இழுங்கள். தாங்கும். இப்போது ரேகைக்குக் குறுக்கே இரு பக்கமும் பிடித்து இழுங்கள். தொட்டதும் கிழியும்.

சாய்ந்த தலையின் சிக்கல்

இனி கிட்டாருக்கு வருவோம். பெரும்பாலான கிட்டார்களில் தலை, கழுத்தோடு நேர்கோட்டில் இருக்காது. கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். காரணம் இருக்கிறது. கழுத்தின் முடிவில் எலும்பாலோ பிளாஸ்டிக்காலோ செய்த ‘நட்’ என்ற சிறு பட்டை உண்டு. கம்பிகள் அதன் காடிகளில் அழுந்தி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அதிரும்போது துள்ளி, கொரகொரக்கும். தலை பின்னால் சாய்ந்திருந்தால் கம்பி நட்டின் மேல் வளைந்து இறங்கும், தானாகவே அழுந்தும்.

அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பல கிட்டார்களில் இந்தச் சாய்வு 17 பாகை. கழுத்தும் தலையும் ஒரே மகோகனிக் கட்டையிலிருந்து செதுக்கப்படுகின்றன. கட்டையின் நார், கழுத்தில் நேராக நீளவாக்கில் ஓடுகிறது. கழுத்துக்கு அது மிகவும் நல்லது. ஆனால் தலை 17 பாகை திரும்பிவிடுகிறதே, நார் கூடவே திரும்புமா? திரும்பாது. அது வந்த வழியே நேராகப் போய், தலையின் மேற்பரப்பில் முட்டி முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடலாம். தலையின் தடிப்பு 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 17 பாகைச் சாய்வில் ஒரு நார் தலையின் ஒரு பரப்பிலிருந்து மறு பரப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். கழுத்து நெடுக அறுபடாமல் ஓடிய நார், தலையில் 5 சென்டிமீட்டர்த் துண்டுகளாகிவிடுகிறது. துண்டு நார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின் மட்டுமே. விறகு பிளப்பவர் தேடும் பலவீனமான வாக்கு, சரியாக அந்த இடத்தில் வந்து அமைந்துவிடுகிறது.

போதாக்குறைக்கு அங்கே ஒரு குழியும் உண்டு. கம்பிகளின் இழுப்பில் கழுத்து வில்போல் வளையாமலிருக்க, உள்ளே ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. 1920-களில் கிப்சனில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அருமையான யோசனை. ஆனால் தண்டை முடுக்கும் திருகாணிக்கு இடம்விட, பல கிட்டார்களில் நட்டுக்குப் பின்னாலேயே கட்டையைக் குடைகிறார்கள். ஏற்கெனவே நார் குட்டையான இடத்தில் கட்டையும் மெலிந்துவிடுகிறது.

செய்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1960-களின் நடுவில் கிப்சன் சாய்வை 14 பாகையாகக் குறைத்துப் பார்த்தது. 1970-களில் அந்த இடத்தின் பின்பக்கம் ஒரு புடைப்பு விட்டுத் தடிப்பாக்கியது. வேறு பலர் இன்னொரு வழியைப் பின்பற்றுகிறார்கள். கழுத்துக் கட்டையின் முனையைச் சாய்வாக அறுத்து, அறுத்த துண்டைப் புரட்டி வைத்து ஒட்டுகிறார்கள். அப்போது தலையிலும் நார் தலையின் வாக்கிலேயே ஓடும். இதற்குச் சாய்வு ஒட்டு என்று பெயர் வைத்துக்கொள்வோம். விலை குறைந்த கிட்டாரிலும் இந்த ஒட்டு இருக்கும். “ஒட்டுப்போட்ட கழுத்தா!” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நார்க் கணக்கு தெரிந்தவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

விழும் நொடியில்

கிட்டாரை நாற்காலியில் சாத்திவிட்டுப் போகிறோம். கால் பட்டு அது மல்லாக்க விழுகிறது. உடம்பைவிடத் தலை பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் தலையின் நுனி தரையில் படுகிறது. தரை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதாவது, கம்பிகள் எந்தப் பக்கம் தலையை இழுக்கின்றனவோ அதே பக்கம்! 70 கிலோ இழுப்போடு தரையின் அடியும் கூட்டுச் சேர்கிறது. ஏற்கெனவே விறைத்திருந்த கழுத்தின் பின்பக்கத்தில் விரிசல் வாய் திறக்கிறது. நார்களுக்கு இடையே சறுக்கிக்கொண்டு முன்பக்கத்தை நோக்கி ஓடுகிறது. பல சமயம் முன்பக்கம் ஒட்டியுள்ள மெல்லிய பலகைத் தகடு மட்டும் கிழியாமல், கதவுக் கீல்போல் தலையைப் பிடித்திருக்கும்.

பெட்டிக்குள் பத்திரமாக வைத்த கிட்டாரும் இப்படி உடைவதுண்டு. பெட்டி கீழே விழும்போது உடம்பு பெட்டியோடு சட்டென நின்றுவிடுகிறது. தலையில் உலோகச் சாவிகள் இருப்பதால் எடை அதிகம். நிலைமம் காரணமாக அது தொடர்ந்து போகப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது அதே குட்டை நார் இடம். ரயிலிலோ விமானத்திலோ கிட்டாரை அனுப்பும்போது கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துவதும், பெட்டிக்குள் தலைக்கு அடியில் துணி வைப்பதும் இதனால்தான்.

பசை எங்கே பிடிக்கும்?

உடைந்தாயிற்று. ஒட்டினால் நிற்குமா? உடைந்த முகத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

விரிசல் நார்வாக்கில் சாய்வாக ஓடியிருந்தால் அதிர்ஷ்டம். கழுத்தின் அகலம் நட்டின் அருகே சுமார் 43 மில்லிமீட்டர். கட்டை நேர் குறுக்கே முறிந்திருந்தால் பசை தடவக் கிடைக்கும் பரப்பு 43 × 15, அதாவது சுமார் 6.5 சதுர சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாக முறிந்திருந்தால் 43 × 50, அதாவது சுமார் 21.5 சதுர சென்டிமீட்டர். மூன்று மடங்குக்கும் மேல். 10 சென்டிமீட்டர் ஓடிய விரிசல் என்றால் இன்னும் இரண்டு மடங்கு. பார்க்கப் பயங்கரமான நீண்ட விரிசல்தான் ஒட்டுவதற்குச் சுலபம். ‘சின்னதாகத்தானே உடைந்திருக்கிறது’ என்று நினைக்கவைக்கும் குட்டையான முறிவுதான் தொல்லை பிடித்தது.

பரப்போடு இன்னொன்றும் சேர்கிறது. நேர் குறுக்கே முறிந்த முகத்தில் எல்லாக் குழாய்களின் வாயும் திறந்திருக்கும். தடவிய பசையை அவை உறிஞ்சிக்கொள்ளும். இணைப்பில் நிற்கப் பசையே மிஞ்சாது. சாய்ந்த முகத்தில் பெரும்பாலும் குழாய்களின் பக்கச் சுவர்கள்தான் இருக்கின்றன. பசை அவற்றின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அளவாக இறங்கிக் கெட்டியாகும். நல்ல பசையால், முகம் முகத்தோடு சரியாகப் பொருந்தி, இறுக்கி ஒட்டினால், மறுபடி விழும்போது ஒட்டிய கோடு அப்படியே நின்று, பக்கத்துக் கட்டை கிழிவதும் நடக்கும். லிக்னினைவிடப் பசை பலமாகிவிட்டது என்று பொருள்!

எந்தப் பசை? பழைய காலத்துத் தச்சர்கள் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ரத்தைச் சூடாக்கிப் பூசினார்கள். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம்தான் பிடிப்பைத் தருகிறது. சூடும் ஈரமும் பட்டால் வஜ்ரம் இளகிவிடும். இது குறையும்தான், வசதியும்தான். பிற்பாடு பிரிக்க வேண்டியிருந்தால் ஆவி காட்டிப் பிரிக்கலாம். வயலின் செய்பவர்கள் இன்றும் அதை விடாததற்கு இதுவே காரணம். இப்போது பெரும்பாலும் புழங்குவது வெள்ளைப் பசையும் மஞ்சள் பசையும். பாலிவினைல் அசிட்டேட் என்ற பொருளின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீரைக் கட்டை உறிஞ்சியதும் துகள்கள் நெருங்கி ஒன்றாகின்றன. கொல்கத்தாவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டும். தண்ணீர் போகத் தாமதமாகும். அந்த மாதங்களில், ஒட்டிய இடத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்பை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது.

மிஸ்திரியின் மேசையில்

பழுதுபார்ப்பவரை வங்காளத்தில் மிஸ்திரி என்பார்கள். தலை உடைந்த கிட்டார் அவர் மேசைக்கு வந்தால் முதலில் கம்பிகளை முழுவதும் தளர்த்தி எடுத்துவிடுவார். பிறகு உடைந்த தலையை மெல்ல அசைத்து, விளக்கு வெளிச்சத்தில் விரிசலுக்குள் பார்ப்பார். நார்கள் பல்பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்முகத்தில் அந்தப் பல் உட்காரும் பள்ளம் அப்படியே இருக்கும். உலகத்தில் எந்த உளியாலும் செதுக்க முடியாத பொருத்தம் அது. அதைக் கெடுக்கக் கூடாது என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மாட்டார். தூசியை ஊதிவிட்டு, கீல்போல் பிடித்திருக்கும் முன்தகட்டை அறுத்துவிடாமல், விரிசலைக் கொஞ்சமாகத் திறப்பார். மெல்லிய தகட்டாலோ ஊசியாலோ பசையை மூலைமுடுக்கெல்லாம் செலுத்துவார்.

அடுத்து அழுத்தம். தலையின் மேலும் கீழும் சரிவுக்கு ஏற்பச் செதுக்கிய கட்டைகள், அவை ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் கிளாம்புகள். முடுக்க முடுக்கக் கோடு நெடுகப் பசை முத்து முத்தாக வெளியே வரும். எல்லா இடத்திலும் முத்து வந்தால் எங்கும் பசை குறையவில்லை என்று அர்த்தம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குறைந்தது ஒரு நாள் தொடாமல் வைத்துவிடுவார்.

முறிவு குட்டையாக இருந்தால் பசையை மட்டும் நம்ப மாட்டார். ஒட்டிக் காய்ந்தபின், கழுத்தின் பின்பக்கம் விரிசலைத் தாண்டிப் போகும்படி நீளவாக்கில் இரண்டு காடிகள் வெட்டுவார். அதே வகை மரத்தில் மெல்லிய பட்டைகள் சீவி, நார் நீளவாக்கில் ஓடும்படி காடிகளில் பதித்து ஒட்டுவார். அறுந்துபோன நீண்ட நாருக்குப் பதில் புதிய நீண்ட நார் கிடைத்துவிட்டது. கடைசியில் மெருகு. பழைய முறை, அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பந்தால் பூசுவது. அரக்கு தருவது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டம் அரக்குக்குப் பேர்போனது.

உங்கள் வீட்டுக் கிட்டாரில் இப்படி நடந்தால் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கம்பியைத் தளர்த்துங்கள். விழுந்த சிலாம்பு ஒவ்வொன்றையும் பொறுக்கி ஓர் உறையில் போடுங்கள். உடைந்த இரண்டு முகத்தையும் திரும்பத் திரும்பப் பொருத்திப் பார்க்காதீர்கள், நார்ப் பற்கள் மழுங்கிவிடும். நொடியில் ஒட்டும் பசையை நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். அது கட்டையின் துளைகளை அடைத்துக்கொண்டால் பிறகு எந்த நல்ல பசையும் உள்ளே இறங்காது.

அப்படியானால் கழுத்தை மாற்றுவது எப்போது?

தலை பல துண்டாகச் சிதறி, துண்டுகள் தொலைந்திருந்தால் மாற்றலாம். பழைய தப்பான பசையோடு மறுபடி மறுபடி முறிந்திருந்தால் மாற்றலாம். உள்ளிருக்கும் எஃகுத் தண்டு அறுந்திருந்தாலும் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியதுதான். ஆனால் மாற்ற முடியுமா என்பதை உடைசல் மட்டும் தீர்மானிப்பதில்லை. கிட்டாரைச் செய்தவர் முதலிலேயே பாதி தீர்மானித்துவிட்டார்.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர் இருந்தார். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பது அவர் தொழில். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி வேறு பாகம் போடுவது அவருக்குப் பழக்கம். 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிட்டாரில், மேப்பிள் கழுத்தை உடம்போடு நான்கு திருகாணிகளால் பிணைத்தார். கழுத்து கெட்டால் திருகாணியைக் கழற்றி, வேறு கழுத்தை மாட்டிவிடலாம். தலையையும் அவர் சாய்க்கவில்லை. நேராகவே விட்டார். நார் அறுபடாமல் நுனிவரை ஓடியது. அதனால் அந்த வகைக் கிட்டார்களில் தலை முறிவதே அபூர்வம். மாற்றச் சுலபமானதில் முறிவு குறைவு, அடிக்கடி முறிவதில் மாற்றுவது கடினம். வேடிக்கைதான்.

கழுத்தை உடம்போடு பசை போட்டு இறுக்கிய கிட்டாரில் மாற்றம் பெரிய வேலை. ஆவி காட்டி மூட்டை இளக்க வேண்டும். புதிய கழுத்தைச் சரியான கோணத்தில் பொருத்த வேண்டும். நீளமும் துல்லியமாக வேண்டும். நட்டிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு (ஃபிரெட்) வரையுள்ள தூரம், கம்பியின் அதிரும் நீளத்தில் சரிபாதியாக இருந்தால்தான் அங்கே மேல்ஸ்தாயிச் சுரம் சுத்தமாகப் பேசும். சில மில்லிமீட்டர் பிசகினால் எல்லாச் சுரமும் அபசுரம். இத்தனை பாடுக்குச் சாய்வாக ஓடிய ஒரு விரிசலை ஒட்டுவது எவ்வளவோ மேல்.

சரோடுக்கும் வீணைக்கும் இதே கேள்வி

கொல்கத்தாவின் பெருமைகளில் ஒன்று சரோட் என்ற கம்பிக் கருவி. சரோட் கலைஞர் அலி அக்பர் கானுக்குக் கருவி செய்துகொடுத்த ஹேமேந்திர சந்திர சென் கொல்கத்தாவில் பட்டறை வைத்திருந்தவர். 2010-இல் காலமானார். சரோடின் உடம்பையும் கழுத்தையும் பொதுவாக ஒரே துன் மரக் கட்டையில் குடைந்தெடுப்பார்கள். கழுத்தைத் தனியே கழற்ற அதில் மூட்டே கிடையாது. முறிந்தால் ஒட்டித்தான் ஆக வேண்டும்.

நம் தஞ்சாவூர் வீணையில் இரண்டு வகையும் உண்டு. ஏகாண்ட வீணையில் குடம், தண்டி எல்லாம் ஒரே பலாக்கட்டை. ஒட்டு வீணையில் குடம் வேறு, தண்டி வேறு, யாளி முகம் வேறாகச் செய்து இணைப்பார்கள். ஏகாண்ட வீணைக்குப் பெரிய கட்டை வேண்டும், வேலையும் அதிகம், அதனால் விலையும் மதிப்பும் கூடுதல். ஆனால் பழுதுபார்ப்பவரின் கண்ணால் பாருங்கள். ஒட்டு வீணையில் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. ஏகாண்ட வீணைக்கு அந்த வழி கிடையாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை அடுத்த முறை பார்க்கும்போது மூட்டு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

ஒட்டுவதையும் மாற்றுவதையும் ஒரே கருவியில் சேர்த்துச் செய்தவர்களும் உண்டு. இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தார். அவர் செய்த வயலின்கள் இன்று கோடிக்கணக்கில் விலைபோகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றின் கழுத்து அவர் செய்தது இல்லை! அவர் காலத்துக்குப்பின் இசையரங்குகள் பெரிதாயின, சத்தமும் கூட வேண்டியிருந்தது. கழுத்தை நீளமாக்கி, பின்னால் சாய்க்க விரும்பினார்கள். அதே சமயம் சுருள் வடிவத் தலை, அவர் கைப்பட்ட வேலை ஆயிற்றே! அதை மட்டும் அறுத்தெடுத்து, புதிய கழுத்தின் நுனியில் பதித்து ஒட்டினார்கள். தலை பழையது, கழுத்து புதியது. இருநூறு ஆண்டுகளாக அந்த ஒட்டுகள் கம்பியின் இழுப்பைத் தாங்கி நிற்கின்றன.

செய்து பாருங்கள்

ஐஸ்கிரீம் குச்சி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டை நடுவில் நேர் குறுக்காக வெட்டச் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் 5 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய முகங்களில் வெள்ளைப் பசை தடவி, பழையபடி பொருத்தி, பிளாஸ்டிக் தாளின் மேல் வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு இரண்டு அடுக்குப் புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் வையுங்கள். நடுவில் காகிதக் கோப்பை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்தக் குச்சி எத்தனை நாணயம் தாங்கியது, உடைந்தது பசையிலா கட்டையிலா என்று குறித்து வையுங்கள். குச்சியிலிருந்து குச்சிக்கு எண்ணிக்கை மாறும். ஒவ்வொரு வகையிலும் இரண்டு குச்சி எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

கையில் கிரிக்கெட் மட்டை இருக்கிறதா? கைப்பிடி பிரம்பு, அடிபடும் பலகை வில்லோ மரம். கைப்பிடியின் அடிமுனையைக் கூராகச் சீவி, பலகையில் நீளமான ஆப்பு வடிவக் காடி வெட்டி, அதற்குள் இறக்கி ஒட்டியிருப்பார்கள். கைப்பிடி முறிந்தால் அந்த மூட்டிலேயே எடுத்துவிட்டு வேறு கைப்பிடி போட்டுத் தருவார்கள். பந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து மோதினாலும் அந்த ஒட்டு விட்டுக்கொடுப்பதில்லை. கைப்பிடியை நேராக வெட்டிப் பலகையின் தலையில் உட்காரவைத்து ஒட்டாமல், ஏன் இவ்வளவு நீளமான ஆப்பாகச் செருகுகிறார்கள் என்று அணித் தோழர்களிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் நாணயம் எண்ணிய குறிப்பேட்டைக் காட்டி நீங்களே விளக்குங்கள்.